பதினாறுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே

விடிகாலை ஐந்தேகால் மணிக்கு ராஜகீழ்ப்பாக்கம் நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் கூட்டத்தில் ஒரு பையனை அடிக்கடி பார்க்கிறேன். பதினைந்து வயதிருக்கும். தோளில் தொங்கும் நீளப் பையின் ஜிப் கெட்டுப்போய் ஊக்கு குத்தியிருக்கும். அந்த இடுக்கு வழியே மட்டையின் வளைந்த நுனி எட்டிப் பார்க்கும். முதல் தடவை நான், "கிரிக்கெட்டா தம்பி?" என்று கேட்டுவிட்டேன். "ஹாக்கி அங்கிள்" என்றான், நூறு பேருக்குச் சொல்லிச் சலித்த குரலில். அவன் தாம்பரம் போய் மின்சார ரயிலைப் பிடித்து, எழும்பூரில் இறங்கி, மேயர் ராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கம் வரை நடக்கவேண்டும். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். செயற்கைப் புல்தரையில் அவனுக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அதுவும் வாரத்தில் மூன்று நாள்தான். மற்ற நாளெல்லாம் மண் தரை.

இப்போது 15 வயதாகும் பையனுக்கு, பிரிஸ்பேன் ஒலிம்பிக் நடக்கும் 2032இல் 21 வயது. ஒரு தொழில்முறை அணி இளைஞர்களை வைத்து எதிர்காலத்தைக் கட்டுவதென்றால், அது இப்போது கணக்கில் எடுக்கவேண்டியது இந்த வயதுக்காரர்களைத்தான். தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கிய அணி ஒன்று இப்போது இருக்கிறது. ஆனால் அந்த அணிக்கும் ஊக்கு குத்திய இந்தப் பைக்கும் நடுவில் பாதை ஏதாவது இருக்கிறதா?

ஏழாண்டு இடைவெளிக்குப் பிறகு ஹாக்கி இந்தியா லீக் திரும்பி வந்தபோது, 2024 அக்டோபரில் டெல்லியில் ஏலம் நடந்தது. ஆண்கள் பிரிவில் எட்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய் பணப்பை. ஆட்டக்காரர்களின் அடிப்படை விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என்று மூன்று படி. அணிக்கு 24 பேர். அன்றைய விதிப்படி அதில் இந்தியர்கள் 16 பேராவது இருக்கவேண்டியிருந்தது, அவர்களில் நான்கு பேர் ஜூனியர்களாக இருக்கவேண்டியிருந்தது. அந்த ஏலத்தில் பிறந்ததுதான் தமிழ்நாடு டிராகன்ஸ். அப்போதைய தலைவர் அமித் ரோஹிதாஸ், ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்துக்காரர். பெனால்டி கார்னர் அடிக்க நெதர்லாந்தின் யிப் யான்சன், ஆஸ்திரேலியாவின் பிளேக் கோவர்ஸ். கோல் காக்க அயர்லாந்தின் டேவிட் ஹார்ட். முதல் பருவத்தில் ஆண்கள் ஆட்டங்கள் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும் நடந்தன. அணி நான்காவதாக வந்தது, மோசமில்லை. ஆனால் தமிழ்நாடு என்று சட்டையில் எழுதிக்கொண்டு ஆடிய அணி அந்தப் பருவம் முழுக்கத் தமிழ்நாட்டு மண்ணில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. எழும்பூர் ரசிகர்கள் தங்கள் அணியை லீக்கில் நேரில் பார்க்க 2026 ஜனவரி வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

நான்கு ஜூனியர் என்ற விதியைக் குறை சொல்ல மாட்டேன். அந்த விதி இல்லாவிட்டால் எந்தப் பயிற்சியாளரும் ஐந்து வாரப் போட்டியில் 19 வயதுப் பையனை நம்பி இறக்கமாட்டார். ஆனால் அந்த நால்வரை எங்கிருந்து எடுக்கவேண்டும் என்று விதி சொல்வதில்லை. பஞ்சாபின் அகாடமியிலிருந்தும் எடுக்கலாம், ஜார்க்கண்டின் ஹாஸ்டலிலிருந்தும் எடுக்கலாம். ஏலம் என்பது சந்தை. விளைந்து வந்ததைத்தான் அங்கே விலை பேசமுடியும். விதைப்பவர் யார், எங்கே விதைக்கிறார் என்பது சந்தைக்கு வெளியே நடக்கும் காரியம்.

விதைத்தவர் வேறு, அறுத்தவர் வேறு என்பதற்கு எழும்பூரிலேயே ஒரு காட்சி கண்டோம். 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. முதன்முறையாக 24 நாடுகள். காலிறுதியில் பெல்ஜியத்தோடு 2-2 என்று சமனாகி, ஷூட்-அவுட்டில் இந்தியா தப்பித்தது. அன்று கோல் வாயில் நின்று காப்பாற்றியவர் பிரின்ஸ்தீப் சிங். பஞ்சாப்காரர், ஆனால் டிராகன்ஸ் முதல் பருவத்தில் ஹார்ட்டோடு ஒரே அணியில் இருந்தவர். ஹார்ட் 1988இல் பிறந்தவர். அவர் கையுறை கழற்றும் நேரத்துக்குப் பிரின்ஸ்தீப் தயாராகியிருப்பார். லீக் அணி இளைஞர்களை வளர்க்கும் என்று சொல்கிறவர்கள் காட்டவேண்டிய நல்ல சாட்சி இதுதான். மூத்தவர் எப்போது பந்தை நோக்கி வெளியே வருகிறார், எப்போது கோட்டிலேயே நிற்கிறார் என்பதை எந்தப் பயிற்சிப் புத்தகமும் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் சொல்லித்தராது.

அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று உதை வாங்கிய அந்த இந்திய ஜூனியர் அணி, மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்து, கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல் போட்டு வெண்கலம் வாங்கியது. அன்று அரங்கம் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சத்தம் அடங்கி ரயிலுக்கு நடக்கும்போது பக்கத்தில் வந்த பெரியவர், "பதினெட்டு பேர்ல நம்ம ஊர்ப் பையன் எத்தனை பேர் சார்?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்று இருவருக்குமே தெரியும். 2004இல் ஏதென்ஸில் ஆடிய கோயம்புத்தூரின் ஆடம் சின்க்ளேருக்குப் பிறகு ஒலிம்பிக் ஆண்கள் அணியிலும் தமிழ்நாட்டுக்காரர் இல்லை. டோக்கியோ வெண்கலத்திலும் இல்லை, பாரிஸ் வெண்கலத்திலும் இல்லை. 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் தலைவர் சென்னையின் வி. பாஸ்கரன் என்பதையும், 1975இல் உலகக் கோப்பை வென்ற அணியில் வி.ஜே. பிலிப்ஸ் இருந்ததையும் நாம் இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஐம்பது வருடப் பெருமை அது.

ஜூனியர் உலகக் கோப்பை எதற்கு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2016 டிசம்பரில் லக்னோவில் பெல்ஜியத்தை வீழ்த்தி இந்தியா ஜூனியர் கோப்பையை வென்றது. அந்த அணியில் ஆடிய ஹர்மன்பிரீத் சிங், வருண் குமார், நீலகண்ட சர்மா, சுமித், குர்ஜந்த் சிங், சிம்ரன்ஜீத் சிங் ஆகியோர் 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் வெண்கலம் வென்ற அணியிலும் இருந்தார்கள். லக்னோ இறுதியில் கோல் போட்ட சிம்ரன்ஜீத், டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். ஜூனியர் தொகுதி ஒன்று சீனியர் அணியின் முதுகெலும்பாக மாற ஐந்து வருடம் பிடித்திருக்கிறது. அதற்கு முன்னால் அவர்களை ஜூனியர் அணிக்குத் தயாராக்க இன்னும் ஐந்தாறு வருடம். ஆக, பத்து வருடத் திட்டம் இல்லாத எவரும் இளைஞர்களை வைத்து அணி கட்டுகிறேன் என்று சொல்வது பேச்சுக்காகத்தான்.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு திட்டம் முன்பு இருந்ததா என்றால், ஒரு வகையில் இருந்தது. அதன் பெயர் உத்தியோகம். இன்டக்ரல் கோச் ஃபேக்டரி, தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கணக்குத் தணிக்கை அலுவலகம், வருமான வரித்துறை. சென்னையின் ஹாக்கி லீக் என்றால் இந்த அலுவலகங்களின் லீக்தான். 1901இல் தொடங்கி இன்றும் நடக்கும் எம்.சி.சி. முருகப்பா தங்கக் கோப்பையில் ஆடியவர்களின் பட்டியலைப் பார்த்தாலும் பெரும்பாலும் இதே முகங்கள். (தாம்பரத்தில் எம்.சி.சி. என்றால் யாருக்கும் கிறிஸ்தவக் கல்லூரிதான் நினைவுக்கு வரும். இது மெட்ராஸ் கிரிக்கெட் கிளப். ஹாக்கிக் கோப்பையைக் கிரிக்கெட் கிளப் நடத்துவது இந்த ஊரின் வினோதங்களில் ஒன்று.) நன்றாக ஆடும் பையனுக்கு விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைக்கும். காலையில் பயிற்சி, மதியத்துக்கு மேல் அலுவலகம், ஓய்வுபெறும்வரை சம்பளம், பிறகு பென்ஷன். அந்த அணிகளின் பட்டியல் என்பது உண்மையில் சம்பளப் பட்டியல். முப்பது வருட ஒப்பந்தத்தின் மேல் கட்டிய ஹாக்கி அது.

அதில் ஒரு குறை உண்டு: 32 வயதில் கால் தளர்ந்தவரையும் அணியிலிருந்து எடுக்க மனம் வராது, புதியவருக்கு இடம் திறக்காது. ஆனால் அதன் பலம் பெரியது. தகப்பனிடம் போய், "உங்க பையன் ஆடினா ரயில்வேல வேலை" என்று பயிற்சியாளர் சொல்லமுடிந்தது. அந்த ஒரு வாக்கியம் மைதானத்துக்கு எத்தனை பையன்களைக் கூட்டி வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். லீக் தருவதோ ஒரு பருவத்து ஒப்பந்தம். அடிப்படை விலைக்குப் போகும் ஜூனியரிடம், "அடுத்த வருஷம் எடுப்பாங்களா?" என்று வீட்டில் கேட்டால் அவனிடம் பதில் இல்லை. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் அதற்குத் தேவையான சான்றிதழ் பெரிய போட்டியில் ஆடிய பிறகுதான் கைக்கு வரும். பதினாறு வயதில் பள்ளி அணியில் பேர் வாங்குகிறான். இருபத்திரண்டில் கோட்டா வேலை கிடைத்தால் உண்டு. நடுவில் இருக்கும் ஆறு வருடத்தில்தான் பையன்கள் காணாமல் போகிறார்கள். எங்கள் பகுதியிலேயே அப்படிக் காணாமல் போனவர்கள் உணவு டெலிவரி வண்டியில் கேம்ப் ரோட்டில் திரும்புவதைப் பார்க்கலாம். வளைவில் வண்டியைச் சாய்த்து எடுக்கும் விதத்திலேயே பழைய விங்கர் யார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று ஷேர் ஆட்டோ நிறுத்தத்தில் நான் பார்க்கும் பையனின் அப்பா ஒருமுறை சொன்னார். அவர் சிரிக்கவில்லை.

தொழில்முறை லீக் என்ற ஆசை சென்னைக்குப் புதிதல்ல. 2005இல் பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ் வந்தது, போனது. 2012இல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ் வந்தது. அந்தப் போட்டியே ஒரு பருவத்தோடு நின்றுவிட்டது. 2013 முதல் 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாட்டுக்கு அணியே கிடையாது. வந்த அணிகள் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போனபோது மைதானத்தில் எதையும் விட்டுச் செல்லவில்லை. பதினான்கு வயதுக்குட்பட்ட அணி ஒன்று, ஒரு பயிற்சியாளர், இரண்டு டஜன் மட்டை, எதுவுமே.

ஆனால் கோவில்பட்டி இருக்கிறது. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன அந்த ஊரில் ஹாக்கி தெருவிளையாட்டு. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு இந்தியா முழுவதிலுமிருந்து அணிகள் வருகின்றன. கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்தரை இருக்கிறது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சிறப்பு விடுதி அங்கே இருக்கிறது. அங்கே தங்கிப் பயின்ற இருவர், கோவில்பட்டியின் மாரீஸ்வரனும் அரியலூரின் கார்த்தி செல்வமும், 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் ஒன்றாகப் போனார்கள். முதல் ஆட்டமே பாகிஸ்தானோடு. இந்தியாவின் ஒரே கோலைப் போட்டது கார்த்தி. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை எழும்பூரில் நடந்தபோது மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் முதல் கோல் அவருடையது. பிறகு டிராகன்ஸ் அவரை எடுத்தது. அரியலூரில் பிறந்து, கோவில்பட்டி விடுதியில் வளர்ந்து, தமிழ்நாட்டு அணிச் சட்டை போட்ட ஒருவரின் பாதை முழுதாகத் தெரிகிறது. ஆனால் அந்தப் பாதையை அமைத்தது விடுதியின் சோறும் தரையும். அணி வந்தது கடைசி மைலுக்கு.

தரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இதைத் தெரியாமல் ஹாக்கித் திறமை பற்றிப் பேசுவது வீண். மண்ணில் பந்து குதிக்கும். எங்கே குதிக்கும் என்று தெரியாததால் பையன் மட்டையைத் தளர்வாகப் பிடித்து, உடம்பைப் பின்னால் வைத்து, பந்தை வாங்குவான். அது அவனைக் கெட்டிக்காரனாக்கும், ஆனால் மெதுவாக்கும். செயற்கைப் புல்லில் பந்து தரையோடு வழுக்கி வரும். முன்னால் குனிந்து, முதல் தொடுதலிலேயே அடுத்த பாஸைத் தீர்மானித்திருக்கவேண்டும். டிராக் ஃபிளிக் என்று சொல்லும் அடியில் பந்தை மட்டையின் கழுத்தில் வைத்து இழுத்து, இடுப்பைத் திருப்பி எறிகிறார்கள். அதை மண்ணில் பழகவே முடியாது; இழுக்கும்போதே ஒரு கல் பந்தைத் தட்டிவிடும். ஒன்பது வயதில் புல்தரையில் கால் வைத்தவனும் பதினைந்தில் வைத்தவனும் வேறு வேறு ஆட்டம் ஆடுகிறார்கள். ஆட்டத்துக்கு முன்னால் அந்தத் தரைக்குத் தண்ணீர் அடிக்கவேண்டும் என்பது இன்னொரு சிக்கல். கோடையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் மக்களிடம் புல்லுக்குத் தண்ணீர் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். சுத்திகரித்த கழிவுநீர், மழைநீர்த் தொட்டி என்று வழி இருக்கிறது. திட்டம் போடுகிறவர்கள் முதல் நாளிலேயே அதை எழுதவேண்டும்.

ஒடிசா இதை வேறு மாதிரி செய்தது. 2018 முதல் இந்திய அணிகளுக்கு மாநில அரசே விளம்பரதாரர். எல்லோரும் பேசுவது அந்தப் பணத்தைப் பற்றி. எனக்கு முக்கியமாகப் படுவது சுந்தர்கர் மாவட்டத்தின் 17 வட்டாரங்களிலும் செயற்கைத் தரை போடுவது என்று எடுத்த முடிவு. முன்னாள் இந்திய வீரர் திலீப் டிர்க்கியும் அமித் ரோஹிதாஸும் அதே மாவட்டத்தின் சவுனமாரா என்ற ஒரே ஊர்க்காரர்கள். அந்த ஊர்ப் பையன் மாநிலத் தலைநகருக்கு ரயிலேற வேண்டாம். தரை அவனைத் தேடி வருகிறது. சென்னையின் தென்புறத்தில் தாம்பரம் மாநகராட்சி வந்து சில வருடங்களாகின்றன. சேலையூர் தொடங்கி மாடம்பாக்கம்வரை பள்ளிகளுக்குக் குறைவில்லை, பையன்களுக்கும் குறைவில்லை. அவர்கள் நாள் ஒன்றுக்கு இரண்டரை மணி நேரத்தை ரயிலில் விடுகிறார்கள். அந்த நேரம்தான் பயிற்சி நேரம்.

எந்தப் பையனைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பனிக்கட்டி ஹாக்கிக்காரர்கள் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் ஏலம் கிடையாது. ஆண்டுதோறும் 18 வயதுப் பையன்களை ஏழு சுற்றில் அணிகள் தேர்வு செய்கின்றன. தோற்ற அணிகளுக்கு முன்வரிசை கிடைக்கும். தேர்ந்த பையனின் மேல் அணிக்குப் பல வருட உரிமை உண்டு. அதனால் அவனை வளர்ப்பதில் அணிக்கு லாபம் உண்டு. இதையெல்லாம் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் வேண்டாம். நான் சொல்லவந்தது வேறு. 1985இல் கனடாவின் ரோஜர் பார்ன்ஸ்லி குழுவினர் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்தார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குவதுதான் காரணம்: பத்து வயதில் பத்து மாதம் மூத்தவன் உயரமாக இருப்பான், பயிற்சியாளர் அவனைத் திறமைசாலி என்று நினைப்பார், நல்ல பயிற்சி அவனுக்குப் போகும், பிறகு அவன் உண்மையிலேயே திறமைசாலியாகிவிடுவான். 2013இல் ராபர்ட் டீனர் குழுவினர் அடுத்த படிக்குப் போனார்கள். ஆண்டின் பிற்பகுதியில் பிறந்து, தேர்வில் பின்வரிசையில் எடுக்கப்பட்டவர்கள், தங்கள் வரிசைக்கு எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சாதித்தார்கள். அதாவது அணிகள் பல வருடமாகத் தப்பான பையன்களுக்கு அதிக விலை கொடுத்திருக்கின்றன.

நம் ஊரில் இந்தக் கணக்கு இன்னும் சுவாரசியமாகும். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் எழுதிய மே, ஜூன் பிறந்தநாளோடு வாழ்பவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. என் சான்றிதழும் அப்படித்தான். இப்போது பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, ஆனாலும் ஜூனியர் செலக்‌ஷனில் 'வயசு குறைச்சிட்டான்' என்ற முணுமுணுப்பு ஓயவில்லை. பதினைந்து வயதுப் பிரிவில் மீசை முளைத்தவன் முளைக்காதவனைத் தள்ளிவிட்டுப் பந்தை எடுப்பதைப் பார்த்துத் தேர்வு செய்தால், நாம் தேர்வு செய்வது மீசையை. 2032க்கு அணி கட்டுகிறவர் தேடவேண்டியது தள்ளப்பட்ட பிறகும் பந்து எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்து அங்கே நிற்கும் சின்னப் பையனை. உடம்பு பின்னால் வரும்.

நான் டிராகன்ஸ் நிர்வாகியாக இருந்தால் (அவர்கள் என்னைக் கேட்கப்போவதில்லை) ஏலப் பையைத் தொடவே மாட்டேன். அதற்கு வெளியே ஒரு சிறு தொகையைத் தனியாக வைப்பேன். கோவில்பட்டி, அரியலூர், மதுரை, சென்னைத் தென்புறம் என்று நான்கு இடத்தில் 15 வயதில் பத்துப் பத்துப் பையன்கள். அவர்களுக்கு மட்டை, காலணி, ரயில் பாஸ், முட்டை, பால். முக்கியமாக, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு கல்லூரி இடமும் மாத உதவித்தொகையும், 22 வயதுவரை, எழுத்தில். ஏலத்தில் இந்தப் பையனை வேறு அணி எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். போகட்டும். இப்போதைய விதியில் அதைத் தடுக்க வழியில்லை. ஆனால் நாற்பது பேரில் ஐந்து பேர் லீக்குக்கு வந்தால், இரண்டு பேராவது சொந்த ஊர்ச் சட்டையைத்தான் விரும்புவார்கள். ஆட்டத்தில் நிற்கும் இடங்களையும் ஒரே கண்ணால் பார்க்கமாட்டேன். முன்கள ஆட்டக்காரன் இருபதிலேயே வெடிக்கலாம். கோல்கீப்பர் மெதுவாகப் பழுப்பார். 2006இல் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கிய ஸ்ரீஜேஷ் தன் கடைசி ஆட்டத்தை 36 வயதில் பாரிஸில் ஆடினார். டிராக் ஃபிளிக் அடிப்பவரும் அப்படித்தான்; பாரிஸில் பத்து கோல் போட்டபோது ஹர்மன்பிரீத்துக்கு 28. ஆகவே கோல்கீப்பரையும் ஃபிளிக் அடிப்பவரையும் இன்றைக்கே தேடவேண்டும். வெளிநாட்டிலிருந்து அடிக்கடி வாங்குவது இந்த இரண்டு இடத்துக்கும்தான் என்பதைக் கவனித்தீர்களா?

போன வாரம் அந்தப் பையனை ஷேர் ஆட்டோவில் பக்கத்திலேயே பார்த்தேன். பையில் புது ஜிப் போட்டிருந்தான். எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று கேட்டேன். "முன்னாடி ஃபார்வர்டு அங்கிள். இப்போ கோல்கீப்பிங் போட்டிருக்காங்க." பிடிக்கவில்லையோ என்று முகத்தைப் பார்த்தேன். "பேடு ரொம்ப வெயிட்டு. இங்கேருந்து தூக்கிட்டுப் போக முடியாது, அங்கேயே ஒரு அண்ணன்கிட்ட வாங்கிக்கிறேன். அவர் வராத அன்னைக்கு நான் சும்மா உக்காந்திருப்பேன்." தாம்பரத்தில் இறங்கி, 6 மணி வண்டிக்கு இரண்டிரண்டு படியாக ஏறி ஓடினான்.